கோக்கரைத் தியாகி ஆக்க வேண்டாம்

அரைப்பக்கம்: ஜான் விண்டமின் 1951 நாவல் 'தி டே ஆஃப் தி டிரிஃபிட்ஸ்' பற்றி இங்கே ஒருவர் 'கோக்கர் ஏழைகளின் தோழன்' என்று எழுதியிருக்கிறார். படித்ததும் காப்பி கசந்துவிட்டது. உலகமே ஒரே இரவில் பார்வை இழக்கிறது. கண் தெரிந்த சிலர் லண்டன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் கூடுகிறார்கள். பொய்யாகத் தீ என்று கத்தி ஓடவைத்து, இடறி விழுந்தவர்களைப் பிடித்து, விலங்கு மாட்டி, பார்வையற்றவர்களுக்குத் தீனி தேட அனுப்புகிறான் உங்கள் தோழன் கோக்கர்.

வடக்குவாசல்: எழுதியது நான்தான். கேட்டுக்கு வெளியே நின்ற பார்வையற்றோர் கூட்டத்தை உள்ளே விடாத உத்தமர்கள் தாமாகவே போயிருப்பார்களா?

அரைப்பக்கம்: விலங்கு, ஐயா. விலங்கு.

வடக்குவாசல்: அந்த விலங்கு கழன்ற பிறகும் கதை சொல்லும் நாயகன் மேசன், லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் தன்னிடம் ஒப்படைத்த பார்வையற்றோர் கூட்டத்தை விட்டு ஓடவில்லையே?

அரைப்பக்கம்: அது மேசனின் மனசாட்சி. என் பர்ஸைப் பறித்தவனிடம் 'எப்படியும் தர்மம் செய்திருப்பேன்' என்று நான் சொன்னால் அவன் புண்ணியவானா?

செவ்வந்தி: வில்லன் என்றால் யார் என்று முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள். எனக்கு டைன்ஷாம் மாளிகைக் காட்சிதான் கோக்கர். மின்சார இயந்திரம் சும்மா கிடக்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எரிந்து விழுவானே.

அரைப்பக்கம்: இயந்திரம் ஓட்டிய கைதான் அம்மா விலங்கும் மாட்டியது.

ஞாயிறுவாசகன்: கடைசியில் கடல்நீர் பட்டு டிரிஃபிட் என்கிற அந்த நடக்கும் செடிகள் கரைந்துவிடுமே, பிறகென்ன?

அரைப்பக்கம்: அது 1962 திரைப்படம். நாவலில் கடைசிப் பக்கம்வரை செழிப்பாக இருக்கின்றன. புத்தகத்தைத் தொடாமல் வருகிறவர்கள் ஓரமாக உட்காரலாம்.

வடக்குவாசல்: அவரை ஏன் விரட்டுகிறீர்கள்? போன மாதம், அதே நாவலில் வரும் டாரன்ஸ் என்பவன் செய்ததைக் கோக்கர் தலையில் கட்டி எழுதி, சத்தமில்லாமல் அழித்தவர் நீங்கள்.

அரைப்பக்கம்: எழுத்துப்பிழை.

வடக்குவாசல்: பெயர் முழுவதுமா? கோக்கர் தன் வழி தவறு என்று மேசனிடமே ஒப்புக்கொண்டான். உங்களுக்கு ஓர் எழுத்துப்பிழைகூடக் கனக்கிறது.

அரைப்பக்கம்: ஒப்புக்கொண்டானா? அப்படியானால் என் கட்சிதான் சரி.

வடக்குவாசல்: வில்லன் வேண்டுமென்றால் டாரன்ஸைப் பிடியுங்கள். பார்வையற்றவர்களுக்கு மசித்த டிரிஃபிட் போதும் என்றவன் அவன்.

அரைப்பக்கம்: டாரன்ஸ் கெட்டவன் என்பதால் கோக்கர் கை சுத்தமாகிவிடாது. இன்றிரவு ஹாம்ஸ்டெட் பக்கங்களை மறுபடி படித்துவிட்டு வருகிறேன். விலங்கு எந்தக் கையில் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வடக்குவாசல்: எழுதுங்கள். அழிக்காமல் வையுங்கள்.