பத்துக் குழி, ஒன்பது சத்தம்: வெடி வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிணத்து வெடி:

2003-ல் நான் வெடி வேலைக்குப் போனேன். நாமக்கல், சேலம் பக்கத்து ஆட்கள் அந்த வறட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் கிணற்றை இன்னும் பத்தடி இறக்குகிறேன் என்று கம்ப்ரசர் டிராக்டர் உறுமிக்கொண்டு நிற்கும். எங்கள் மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் வேலை குழியில் அடைக்க மண் பிசைவது, மரக்குச்சியால் இடிப்பது, வெடித்தபின் சத்தம் எண்ணுவது.

எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். பாறையில் பத்துக் குழி போட்டால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் வெடிமருந்தோடும், அதை வெடிக்கவைக்கிற கேப்போடும் ஒரு குழி உள்ளே படுத்திருக்கிறது என்று அர்த்தம். திரி வெடியில் ஒவ்வொன்றாக வெடிக்கும். திறந்த வெளியாக இருந்தால் எண்ணிவிடலாம். அறுபதடிக் கிணற்றுக்குள் வெடிக்கிற சத்தம் சுவரில் மோதி மேலே வரும்போது ஒன்று இரண்டாகக் கேட்கும், சில நேரம் இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கேட்கும். அதனால் மாமா, நான், கிரேன் ஓட்டுகிறவர் என்று மூன்று பேர் தனித்தனியாக எண்ணுவோம், ஒருவர் எண்ணுவது இன்னொருவருக்குக் கேட்கக் கூடாது, விரலை மடக்கிக்கொள்வோம். "யார் கம்மியா சொல்றானோ அவன் கணக்குதான் கணக்கு" என்பார் மாமா. மூன்றில் இரண்டு பேர் பத்து என்றாலும் ஒருவன் ஒன்பது என்றால் ஒன்பதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு குழி. அவர்கள் இருவருக்கும் பன்னிரண்டு, எனக்குப் பதினொன்று. மாமா ஒன்றும் பேசவில்லை, பீடி பற்ற வைக்க மருந்துப் பெட்டியிடமிருந்து தூரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அரை மணி கழித்துப் புகையை விரட்ட வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றினோம், அப்புறம் இறங்கி ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. பன்னிரண்டும் வெடித்திருந்தது. கம்ப்ரசர் மணி வாடகை, சும்மா நின்ற நேரத்துக்கும் பணம், தோட்டத்துக்காரர் என்னைப் பார்த்து "ஏந்தம்பி, காது கேக்காதவனையெல்லாம் கூட்டிட்டு வாராங்களா" என்றார். கூலியிலும் பிடித்துக்கொண்டார். மாமா திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வேறு கிணறு, பத்துக் குழி. எனக்கு ஒன்பதுதான் கேட்டது, இன்றைக்குச் சத்தியம் செய்து சொல்வேன். கிரேன்காரர் பத்து. மாமாவும் பத்து. "உனக்கு?" என்றார். நான் பத்து என்றேன்.

ஏன் சொன்னேன் என்று யாரும் கேட்க வேண்டாம். போன வாரத்து முகம் எல்லாம் கண்ணுக்குள் நின்றது. காத்திருந்தோம், புகை போனது, டிரில் அடிக்கிறவர் ஜாக்கேமரோடு (பாறையில் குழி போடுகிற மெஷின்) கிரேன் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், காலையில் அந்த ஊர்க் கடையில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கி மடியில் கட்டிவைத்திருந்தார். தொட்டி ஓர் ஆள் ஆழம் இறங்கியபோது எனக்கு வாய் தன்னால் திறந்தது. "மாமா, ஒம்போது" என்று கத்தினேன். தொட்டியை மேலே ஏற்றினார்கள். மாமா என் அருகில் வந்து ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு அவர் மட்டும் இறங்கினார்.

வடக்குச் சுவர் ஓரத்தில் இருந்தது. அடைத்த மண் கலையவில்லை, திரியின் நுனி கருகி அணைந்திருந்தது. டிரில் அடிக்கிறவர்கள் வழக்கமாக, பாதி உடைந்த பழைய குழி கண்ணில் பட்டால் அதிலேயே டிரில்லை ஊன்றுவார்கள், வேலை மிச்சம். சட்டத்தில் அது கூடவே கூடாது, ஆனால் கிணற்றடியில் சட்டம் பார்ப்பது யார். வெடிக்காத குழியை நோண்டக் கூடாது, திரியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தள்ளி ஒரு குழி புதிதாகப் போட்டு அதை வெடிக்கவைத்துத்தான் மாமா அதை முடித்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் டிரில்காரர் மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினார், அவரும் எதுவும் கேட்கவில்லை.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

மதிய சங்கு:

நான் கரூர் பக்கம் ஜல்லி குவாரியில் பிளாஸ்டராக, அதாவது வெடி வைக்கிறவனாக இருந்தேன், சர்டிபிகேட் வாங்கியவன். கிணற்றில் இறங்குமுன் காத்திருந்ததாக அண்ணா சொன்ன அரை மணி எங்கள் பரீட்சையிலும் கேட்பார்கள், திரி என்றால் 30 நிமிடம், கரண்ட் வெடி என்றால் 5 நிமிடம். எனக்குப் பயம் உள்ளே கிடக்கிற வெடியை விட வெளியே நிற்கிற ஆள்தான். 500 மீட்டருக்கு யாரும் இருக்கக் கூடாது, நான்கு திசையிலும் சிவப்புக் கொடியோடு ஆள் நிறுத்துவோம், சங்கு ஊதுவோம். ஒரு பாட்டி தினமும் சரியாகச் சங்கு நேரத்துக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வரும். போகச் சொன்னால் "உன் சங்குக்கு நான் ஓடுவேன், என் ஆடு ஓடுமா" என்று அங்கேயே உட்காரும். கடைசியில் நாங்கள்தான் அவர் வந்து போகிற நேரம் பார்த்து வெடி நேரத்தை மாற்றினோம். மேனேஜருக்கு வேறு காரணம் எழுதிக் கொடுத்தேன்.

தலைவலி பற்றி யாரும் சொல்லவில்லையே? குழியில் வைக்கிற வெடிமருந்துக் குச்சிக்கு ஜெலட்டின் என்று பேர், பழைய ஜெலட்டினைக் கையால் தொட்டவர்களுக்குத் தெரியும், நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடிப்பது போல இருக்கும், இரண்டு நாள் லீவு போட்டு வந்தால் முதல் நாள் இன்னும் மோசம். அதில் இருந்த நைட்ரோகிளிசரின் தோல் வழியாக ஏறி ரத்தக்குழாயை விரித்துவிடும். 2004 ஏப்ரலோடு நம் நாட்டில் அந்த வகை நின்றுபோனது, இப்போது வருவதெல்லாம் வேறு மருந்து, பேர் மட்டும் இன்னும் ஜெலட்டின். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கு வயதான காலத்தில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து, "டேய், இது நம்ம மருந்துத் தலைவலிடா" என்றார். டாக்டரிடம் கேட்டேன், சிரித்துவிட்டு ஆமாம், இரண்டும் ஒரே குடும்பம்தான் என்றார். டைனமைட் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயத்துக்கு நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்களாம்.

வெடிக்காரர் மகள்:

நான் இந்த வேலை பார்க்கவில்லை, அப்பா பார்த்தார், தர்மபுரிப் பக்கம். எண்ணுவதைப் பற்றி அந்த அண்ணன் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது. காசில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டில் சரவெடி வைத்தால் அப்பா திண்ணையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், விரல் மட்டும் மடங்கி மடங்கி விரியும். ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பையன் அணைந்துபோன அணுகுண்டைக் குனிந்து பார்க்கப் போனான், அப்பா திண்ணையிலிருந்து குதித்து ஓடி அவனை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், வேட்டி முள்வேலியில் கிழிந்துவிட்டது. அந்தப் பையனின் அம்மா, பிள்ளையைப் பயமுறுத்திவிட்டார் என்று சண்டைக்கு வந்தார்.

வேலையில் இருந்து வந்தால் எங்களைத் தொட மாட்டார், முதலில் வெளியிலேயே சட்டையைக் கழற்றிக் குளிப்பார். என் சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்தான். அது எப்படிப் போனது என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள், அப்பா மட்டும் எதுவும் சொன்னதில்லை. இன்றைக்கு முதல்முறையாக எனக்கு ஒரு சந்தேகம், அன்று எண்ணியது யார்?

சுண்ணாம்புக் குழி:

அரியலூரில் சிமெண்ட் சுண்ணாம்புக்கல் சுரங்கம், இப்போதும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்கு எண்ணிக்கை எல்லாம் வெடிப்பதற்கு முன்னால்தான். எலக்ட்ரானிக் டெட்டனேட்டரில் (அண்ணன் சொன்ன கேப்பின் புது வகை) ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர், லாகர் என்று ஒரு கருவி ஒவ்வொன்றையும் கூப்பிட்டுப் பார்க்கும். ஒரு நாள் 68 குழி, 67 மட்டும் பதில் சொன்னது. வெயிலில் வயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குழியாக நடந்தோம், ஒரு கனெக்டருக்குள் சேறு. துடைத்து மாட்டியதும் 68. வெடிக்கும்போது எல்லாம் மில்லிசெகண்ட் கணக்கில் போய்விடும், காதால் எண்ணவே முடியாது, பாறை முகப்பு முழுவதும் ஒரே ஆளாக எழுந்து சாய்கிற மாதிரி இருக்கும்.

பழைய எலக்ட்ரிக் டெட்டனேட்டருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் தடை. நல்லதுதான், மேகம் கறுத்தால் இடி வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வயர் கட்டிய நாட்களை நான் மறக்கவில்லை. ஆனாலும் கருவி சரி என்று சொன்ன பிறகும் வெடித்த கல்குவியலை நான் ஒரு சுற்று நடந்து பார்ப்பேன். புதுப் பையன்கள், "சார், அதான் 68 வந்துச்சுல்ல" என்பார்கள். நடந்துதான் பார்ப்பேன்.

கிணத்து வெடி:

தங்கச்சி, உங்கள் கேள்வியை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியாது. என் மாமாவுக்கும் இடது காது அவ்வளவாகக் கேட்காது, அதை எங்களிடம் அவர் சொன்னதே இல்லை, அவர் வேலையை விட்டு நான்கைந்து வருடம் கழித்து அத்தை சொல்லித்தான் தெரியும். கம்மியாகச் சொல்கிறவன் கணக்குதான் கணக்கு என்று அவர் வைத்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். டிரில்காரர் இப்போது டிரில் அடிப்பதில்லை, ராசிபுரத்தில் பேரனோடு இருக்கிறார். பொங்கலுக்குப் போனால் முறுக்கு வாங்கிக்கொண்டு போவேன்.