சாலேம் சூனிய வழக்குகள்: எப்போதும் ஜெபித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு ஏன் அவ்வளவு பயம்?

சேலத்துக்காரன்

வணக்கம். சொந்த ஊர் சேலம் என்பதால், மாசசூசெட்ஸ் வந்ததிலிருந்தே இங்குள்ள சேலத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். போன அக்டோபரில் குடும்பத்தோடு போனோம். ஊரெல்லாம் கூம்புத் தொப்பி. போலீஸ் வண்டியில்கூடத் துடைப்பத்தில் பறக்கிற சூனியக்காரி படம். ஆனால் 1692இல் சூனியம் செய்தார்கள் என்று 19 பேரைத் தூக்கிலிட்ட புரொக்டர்ஸ் லெட்ஜ் என்ற இடம் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் அமைதியாகக் கிடக்கிறது. நாங்கள் போனபோது அங்கே எங்களைத் தவிர ஒரே ஒரு பெரியவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பத்து வயது மகள் கேட்டாள்: "அப்பா, அவங்க எப்பப் பாத்தாலும் சாமி கும்பிடறவங்கதானே, அப்புறம் ஏன் பிசாசுக்கு இவ்வளவு பயந்தாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று இங்கே குடியேறியிருந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கறுப்பு உடை, கடுகடுப்பு முகம், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பனங்காடு

ரொட்டிதான் காரணம் என்று படித்திருக்கிறேன். ரை தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சை மூளையைக் குழப்பி வலிப்பு, மாயத்தோற்றம் எல்லாம் கொடுக்குமாம். 1976இல் கட்டுரையே வந்தது. பயமாவது பக்தியாவது!

தெல்லிப்பழையாள்

தம்பி, உங்கள் மகள் கேட்டதை நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் என் கேள்வி எங்கள் அம்மம்மாவைப் பற்றி. (ஊர்க் குழப்பம் வராமல் நான் சாலேம் என்றே எழுதுகிறேன். நம் பைபிளில் அந்தப் பெயர் அப்படித்தான் இருக்கிறது, அங்கிருந்துதான் இவர்களும் எடுத்தார்கள்.)

நான் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் அமெரிக்கன் மிஷன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். குழந்தை காரணமில்லாமல் வீரிட்டு அழுதால் பக்கத்து வீட்டில் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு நாவூறு (திருஷ்டி) கழிப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தடை. "பிசாசிட்டப் போய்ப் பிசாசுக்கு மருந்து கேக்கிறதோ?" என்பார் அம்மம்மா. நாவூறு என்று ஒன்று இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பதைக் கவனியுங்கள். அது இருக்கிறது, ஆனால் கழிக்கக்கூடாது. ஜெபம் மட்டும்தான்.

இப்போது டான்வர்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அன்றைய சாலேம் கிராமம்தான் இன்றைய டான்வர்ஸ். துறைமுகமும் கடைவீதியும் இருந்த சாலேம் நகரம் வேறு. போதகர் சாமுவேல் பாரிஸின் வீட்டு அடித்தளத்தை 1970இல் தோண்டியெடுத்தார்கள். அந்த வீட்டில்தான் 1692 ஜனவரியில் அவருடைய ஒன்பது வயது மகள் பெட்டியும், கூட வளர்ந்த உறவுக்காரச் சிறுமி அபிகேயிலும் உடலை முறுக்கிக்கொண்டு அலற ஆரம்பித்தார்கள். பாரிஸ் உபவாசம் இருந்தார், அக்கம்பக்கத்துப் போதகர்களை அழைத்து ஜெபித்தார். பிள்ளைகள் தேறவில்லை.

பிப்ரவரி 25 அன்று மேரி சிப்லி என்ற அயல்வீட்டுப் பெண் ஒரு பழைய கைவைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளின் சிறுநீரை ரை மாவில் பிசைந்து, அடை சுட்டு, நாய்க்குப் போட வேண்டும். சூனியம் வைத்தவள் யார் என்று தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. பாரிஸ் வீட்டில் அடிமைகளாக இருந்த டிட்யூபாவும் ஜானும் அதைச் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 27 ஞாயிறன்று, பாரிஸ் சபை நடுவில் மேரி சிப்லியைக் கண்டித்தார். பிசாசுக்கு எதிராகப் பிசாசிடமே உதவி கேட்டது, இதனால்தான் அவன் நம் நடுவே எழும்பிவிட்டான் என்பது குற்றச்சாட்டு. சபைப் பதிவேட்டில் அந்த இடத்தை முதல்முறை படித்தபோது எனக்கு அம்மம்மாவின் குரலே கேட்டது.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பியூரிட்டன்கள் சிலுவை போடுவதில்லை, புனித நீர் இல்லை, வேண்டிக்கொள்ளப் புனிதர் இல்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடினால்கூட ஐந்து ஷில்லிங் அபராதம் (1659 முதல் 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது). ஞாயிறன்று இரண்டு நீண்ட பிரசங்கம், இசைக்கருவி இல்லாமல் பைபிள் சங்கீதப் பாட்டு. மாடு செத்தாலும் மழை பொய்த்தாலும் அது தேவன் சொல்கிற ஏதோ ஒன்று. தான் இரட்சிக்கப்பட்டவளா என்று சாகும்வரை நிச்சயமில்லை. அது உலகம் உண்டாகும் முன்பே முடிவாகிவிட்டது. பிசாசு இருக்கிறது என்பதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குச் சாமானிய மக்கள் வைத்திருந்த காப்பை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். நிலைவாசலில் ஒரு வேப்பிலைகூட இல்லாத வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெபமும் உபவாசமும் பலிக்காவிட்டால் மிச்சம் இருந்தது நீதிமன்றம்தான். வடக்கே மெய்ன் பக்கத்தில் போர் வேறு. அங்கே குடும்பத்தைப் பறிகொடுத்து வந்த பெண்களும் குற்றம்சாட்டியவர்களில் இருந்தார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு. மேரி சிப்லி அன்று அழுதுகொண்டே தப்பை ஒத்துக்கொண்டார். சபையார் கை உயர்த்தி மன்னித்தார்கள், முடிந்தது. அவர்மேல் வழக்கே வரவில்லை. ஒத்துக்கொண்டால் மன்னிப்பு என்பது இவர்கள் காலங்காலமாகப் பழகிய வழக்கம். அதை அப்படியே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று சொல்லி அதில் நின்றவர்களில் ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. மார்ச் 1 அன்றே ஒத்துக்கொண்ட டிட்யூபா பிழைத்தார். ஒத்துக்கொண்டு பிறகு வாபஸ் வாங்கிய சாமுவேல் வார்ட்வெல் தூக்கில் தொங்கினார்.

குற்றம்சாட்டப்பட்ட ரெபேக்கா நர்ஸுக்கு 71 வயது. காது மந்தம். சபையில் முழு அங்கத்தினர். ஜூரி முதலில் குற்றமில்லை என்றுதான் சொன்னது. குற்றம்சாட்டிய பெண்கள் அலறினார்கள், நீதிபதி ஸ்டவுட்டன் மறுபடி யோசிக்கச் சொன்னார். விளக்கம் கேட்டபோது கிழவிக்குக் காதில் விழவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்துக்கொண்டு குற்றவாளி என்று தீர்த்தார்கள். ஜூலை 3 அன்று சபையிலிருந்து நீக்கி, 19 அன்று தூக்கிலிட்டார்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கும். ஆனால் பொய் பாவம், அந்தப் பாவத்தோடு தேவன் முன் நிற்க முடியாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தச் சபைதான். போதகர் சொன்னதை மெய்யாகவே நம்பியவர்கள்தான் செத்தார்கள் என்பேன்.

பனங்காடு அவர்களே, பூஞ்சைக் கதைக்கு அதே 1976இலேயே மறுப்பும் வந்துவிட்டது. குற்றம்சாட்டப்பட்டவர் பார்த்தவுடன் வலிப்பு வருகிறது, அவர் கையால் தொட்டால் நின்றுவிடுகிறது என்பதுதான் நீதிமன்றத்தில் நடந்தது. ரொட்டி நஞ்சுக்கு இவ்வளவு நேரம் காலம் தெரியுமா?

கோட்டைக்கரை

சென்னைக்காரன் என்ற முறையில் ஒரு துணுக்கு. அன்று சூனிய வழக்குகளை ஆதரித்துப் புத்தகம் எழுதிய போதகர் காட்டன் மேதர், 1718இல் எலிஹு யேலுக்குக் கடிதம் எழுதி, கனெக்டிகட் கல்லூரிக்கு (இன்றைய யேல் பல்கலைக்கழகம்) உதவி செய்தால் உங்கள் பெயரையே வைத்துவிடுவார்கள் என்று தூண்டினார். அந்த யேல், பாஸ்டனில் பிறந்து நம் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். அவருடைய பதவி போனதும் இதே 1692இல்தான்!

சேலத்துக்காரன்

அக்கா, இரண்டு முறை படித்தேன். மகளுக்கு அந்த வேப்பிலை வீட்டைச் சொன்னதும் பட்டென்று புரிந்துவிட்டது. அவளுடைய அடுத்த கேள்வி: "யாராவது ஸாரி சொன்னாங்களா?"

தெல்லிப்பழையாள்

சிலர் சொன்னார்கள், அதுவும் அதே பழைய முறையில். நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல் 1697 ஜனவரியில் ஒரு உபவாச நாளன்று பாஸ்டன் சபையில் எழுந்து நின்றார். பழியும் வெட்கமும் தனக்கே என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் வாசித்து முடிக்கும்வரை உட்காரவில்லை. 1692இல் பன்னிரண்டு வயதில் பலரைக் காட்டிக்கொடுத்த ஆன் புட்னம், 1706இல் சபையில் சேர விரும்பியபோது அவளும் அப்படி நிற்க வேண்டியிருந்தது. ரெபேக்காவின் பெயரைச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் எல்லாம் சாத்தானின் வஞ்சனை என்றே அதில் இருக்கிறது. ஸ்டவுட்டன் வாயே திறக்கவில்லை. ரெபேக்காவின் சபை நீக்கத்தை 1712இல் ரத்து செய்தார்கள், அவர் செத்து இருபது வருடம் கழித்து.

இன்னொன்று, எனக்கே கொஞ்சம் கூச்சமான விஷயம். 1812 பிப்ரவரியில் சாலேமின் டாபர்னக்கிள் சபையில் குருப்பட்டம் பெற்ற ஐந்து மிஷனரிகளில் சாமுவேல் நியூவெல் ஒருவர். மறுவருடம் அவர் இலங்கை வந்தார். அதன் தொடர்ச்சியாக 1816இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்கன் மிஷன் தொடங்கியது, தெல்லிப்பழையில்தான். எங்கள் வீட்டு அடுப்பில் மிளகாய் விழாததற்குக் காரணம் எங்கிருந்து வந்தது என்று இங்கே வந்து குடியேறின பிறகுதான் யோசித்தேன்.

சேலத்துக்காரன்

அடேங்கப்பா! அக்கா, வரும் சனிக்கிழமை டான்வர்ஸ் வரலாம் என்று இருக்கிறோம். எங்கே போகலாம்?

தெல்லிப்பழையாள்

முதலில் ரெபேக்கா நர்ஸின் வீட்டுக்குப் போங்கள், திறந்திருக்கும் நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளாகத்தில் இருக்கும் ஆராதனைக் கூடம் 1980களில் படப்பிடிப்புக்காகக் கட்டிய நகல்தான், ஆனாலும் மகளை அந்தப் பலகையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். பாரிஸ் வீட்டுக்கு வழி சென்டர் தெருவில் வீடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்னப் பாதை. யாருடைய வீட்டுக் கொல்லைக்கோ போகிற மாதிரி இருக்கும், தயங்காமல் உள்ளே போங்கள்.