பனப்பாக்கத்துக்கு வருகிற கார், பிறந்த ஊரில் ஏன் நொடித்தது?

நெமிலிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நெமிலிக்குப் பக்கம். பனப்பாக்கத்தில் டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் (பிரிட்டனில் பிறந்த கார் கம்பெனி) தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்களே, 9,000 கோடி ரூபாய் முதலீடு என்று, அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். அப்பா, "வெள்ளைக்காரன் கார்டா, நூறு வருஷம் நிற்கும்" என்கிறார். நான் கொஞ்சம் படித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1950 வாக்கில் உலகத்திலேயே அதிகமாகக் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரிட்டன். அந்த ஊர் கார்களில் இன்று ஆஸ்டின் இல்லை, மோரிஸ் இல்லை, ட்ரையம்ப் இல்லை, ரோவரும் போய்விட்டது. எங்கள் ஆபீசில் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரைக்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறார். அவ்வளவுதானா? தம்பியை நம்பி இந்த வழியில் விடலாமா என்பதற்காகத்தான் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஷெட்:

தம்பி, நான் படித்தவன் இல்லை. 1976 முதல் ஸ்பேனர் பிடிக்கிறேன், அதில் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் அம்பாசிடர் யார் தெரியுமா? பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3. அதே உடம்பு, அப்புறம் வந்த 1489 சிசி எஞ்சினும் அவர்களுடையதுதான். அதனால்தான் எங்கள் ஷெட்டில் இன்றைக்கும் இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று தனியாக ஆணியில் தொங்குகிறது. பையன்களிடம் "ஏழு பை பதினாறு எடு" என்றால் இப்போது விழிக்கிறார்கள், எல்லோருக்கும் பத்து, பன்னிரண்டு, பதினான்குதான் தெரியும். ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அந்த ஊர் ட்ரையம்ப் ஹெரால்டுதான், மெட்ராசில் 1961 முதல் செய்தார்கள். அதன் பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்தமாக முன்னால் போய்விடும், எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளி. முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, செட் பண்ணலாம். குனிந்து குனிந்து இடுப்பு போன எனக்கு இன்றைக்கும் அந்தக் காரை வரைந்தவன் மேல் மரியாதை.

கெட்டது எங்கே என்றால் வண்டியில் இல்லை, அதையே பிடித்துக்கொண்டு நின்றதில். அம்பாசிடர் 1950களின் கடைசியில் வந்தது, 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தியை நிறுத்தும் வரை அதே உருவம். ஸ்டாண்டர்டுகாரர்கள் 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ரோவர் எஸ்டி1 உடம்பைக் கொண்டுவந்தார்கள், பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே வைத்தது வேன்கார்டு என்ற அவர்களுடைய பழைய கார் காலத்து 2 லிட்டர் எஞ்சின். அதற்குள் மாருதி 800 வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. 1988இல் ஸ்டாண்டர்டு கதை முடிந்தது. வருடக்கணக்கில் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க ஜனங்கள் இருந்தார்கள், அதனால் புதுசு செய்ய அவசரம் வரவில்லை.

பர்மிங்காமிலிருந்து குடியாத்தத்தான்:

ஷெட் ஐயா சொன்னதுதான் இங்கேயும் நடந்தது, கொஞ்சம் பெரிய அளவில். என் மனைவி சிஎம்சியில் நர்சிங் படித்தவர், அவர் வேலைக்காக 2006இல் இங்கே வந்தோம். இங்குள்ள லாங்பிரிட்ஜ் கார் ஆலை அதற்கு முந்தின வருடம் ஏப்ரலில்தான், அதை நடத்திய எம்ஜி ரோவர் கம்பெனி விழுந்தபோது நின்றிருந்தது, ஒரே அடியில் 6,000 பேருக்கு மேல் வேலை போனது. பேருந்தில் போகும்போது நீளமான சுவரும் காலி மைதானமும்தான் கண்ணில் படும். இப்போது அங்கே கடைகளும் ஒரு கல்லூரியும் வந்துவிட்டன.

ஸ்ட்ரைக் நிறைய நடந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதை மட்டும் சொல்வது தொழிலாளி தலையில் எல்லாப் பழியையும் போடுவது. 1952இல் ஆஸ்டினையும் மோரிசையும் சேர்த்தார்கள், 1968இல் அதோடு லேலண்டு, ட்ரையம்ப், ரோவர், ஜாகுவார் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்டு ஆனது. பெயர்தான் ஒன்று. உள்ளே ஒரே காருக்கு ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி என்று வேறு வேறு பெயர்ப்பலகை ஒட்டி, தெருவுக்கு இரண்டு டீலர் வைத்து, தங்களுக்குள்ளேயே போட்டி. 1959இல் வந்த மினி உலகமே கொண்டாடிய கார், அதை ஃபோர்டுகாரர்கள் வாங்கிப் பிரித்துக் கணக்குப் பார்த்து, விற்கிற ஒவ்வொன்றுக்கும் 30 பவுண்டு நஷ்டம் என்றார்கள். லாபம் வந்த வருடங்களில் பங்குதாரருக்குப் போன பணம் புது மெஷினுக்குப் போகவில்லை. 1973இல் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கார்கள் வந்து குவிந்தன, அதே வருடம் எண்ணெய் நெருக்கடி. 1975இல் அரசாங்கமே கம்பெனியை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், பிஎம்டபிள்யூ என்று கைமாறி, 2000இல் 10 பவுண்டுக்கு விற்றார்கள், அதுதான் நான் சொன்ன எம்ஜி ரோவர். பத்தே பவுண்டு!

தொழிலாளிதான் காரணம் என்பவர்களுக்கு நான் சொல்வது இங்கிலாந்தின் வடக்கே உள்ள சண்டர்லேண்டு. 1986இல் அங்கே நிசான் ஆலை திறந்தது, வேலை செய்தவர்கள் அதே ஆங்கிலேயர்கள், நல்ல கார் வந்தது. மோரிஸ் பிறந்த கௌலியில் இன்றைக்கும் மினி செய்கிறார்கள், முதலாளி மட்டும் பிஎம்டபிள்யூ.

சிப்காட் டர்னர்:

ராணிப்பேட்டையில் லேத்தில் இருக்கிறேன். எனக்கு கார் கம்பெனியை விட அதற்குப் பொருள் செய்கிறவர்கள் நிலைமைதான் முக்கியம். முன்னால் நான் இருந்த இடம் ஒரே ஒரு கார் ஆலைக்கு ஒரே ஒரு புஷ் (தண்டைச் சுற்றிப் போடுகிற குழாய் மாதிரிப் பாகம்) செய்துகொண்டிருந்தது. அந்த மாடலை நிறுத்தினார்கள், மூன்று மாதத்தில் நாற்பது பேர் வெளியே. எனக்குப் பெண் பிறந்த வருடம் அது, மறக்க முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்கள், லூகாஸ், கெர்லிங் எல்லாம் பிரிட்டன் கார்களுக்கு மின்சாமானும் பிரேக்கும் செய்த கம்பெனிகள். அங்கே அவை கைமாறிக் கரைந்துபோயின. அவர்களோடு கூட்டு வைத்து 1960களில் இங்கே தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ்சும் பிரேக்ஸ் இந்தியாவும் இன்றைக்கும் ஓடுகின்றன, சோளிங்கர் ஃபவுண்டரி நமக்குக் கூப்பிடு தூரம். அம்பாசிடர் போனாலும் அவர்கள் போகவில்லை, ஏனென்றால் பத்து கம்பெனிக்குப் பொருள் போடுகிறார்கள். தம்பி எந்த வேலைக்குப் போனாலும் ஒரே ஸ்டேஷனில் ஒரே போல்ட் முறுக்குகிற ஆளாக நின்றுவிடாமல் டூல் ரூம், டை, மெயின்டனன்ஸ் பக்கம் நகரச் சொல்லுங்கள்.

நெமிலிவாசி:

மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் இந்தப் பத்து பவுண்டு கதையைப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நிலத்தையும் விற்காதே, அவனையும் தடுக்காதே" என்றார். ஷெட் ஐயா, தம்பிக்கு அந்த அம்பாசிடர் எஞ்சினை ஒரு தடவை பார்க்க ஆசையாம்.

காட்பாடி ஷெட்:

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டி வா. அம்பாசிடர் மார்க் 2 எஞ்சின் ஒன்று இறக்கி வைத்திருக்கிறேன், வால்வு கிரைண்டிங் வேலை. ஹெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்கட்டும், பழைய சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்.