கல்லாகிப்போன சிப்பியைப் பார்த்து அது என்ன தின்றது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நண்டுவளை எழுதியது:

ரொம்ப நாளாக இருக்கிற சந்தேகம். கடல்வாழ் புதைபடிவங்களைப் பற்றி எந்த வீடியோவைப் பார்த்தாலும், எந்தக் கட்டுரையைப் படித்தாலும், "இது மிதவை உயிரிகளைத் தின்றது, இது குட்டி போட்டது, இதன் முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு" என்று கூடவே இருந்து பார்த்த மாதிரி அடித்துச் சொல்கிறார்கள். கையில் இருப்பதோ ஒரு ஓடு, நாலு எலும்பு, கொஞ்சம் பல். சதை அழுகிப் போய்விட்டது, சில இடங்களில் அந்தக் கடலே இப்போது இல்லை. வயதைக் கணிப்பது எனக்குப் புரிகிறது, எரிமலைச் சாம்பல் அடுக்கு, கதிரியக்கச் சிதைவு அதெல்லாம் சரி. வாழ்ந்த விதத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? இதில் எவ்வளவு கல்லில் இருப்பது, எவ்வளவு ஓவியரின் கற்பனை? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், "விஞ்ஞானிகளுக்குத் தெரியும்" என்ற பதில் வேண்டாம்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது என்று நினைக்கிறேன். சில விஷயங்களுக்கு நேரடிச் சாட்சி இருக்கிறது, சிலவற்றுக்கு இன்றைய உறவுக்கார உயிரிகளை வைத்து ஊகம், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. வீடியோக்காரர்கள் மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். இக்தியோசார் என்ற கடல் ஊர்வன, பார்க்க டால்பின் மாதிரி இருக்கும். அதன் விலா எலும்புகளுக்கு நடுவே உருண்டையான கற்கள் கிடப்பதையும், உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதையும் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் தேடி விற்றுப் பிழைத்த மேரி ஆனிங் 1820களிலேயே கவனித்திருந்தார். அவை கல்லாகிப்போன சாணம் என்று புவியியலாளர் வில்லியம் பக்லண்ட் 1829இல் எழுதி, கோப்ரோலைட் என்று பெயரும் வைத்தார். பெயர் அவருக்குப் போனது, கண் ஆனிங்குடையது. சாணத்துக்குள் மீன் செதில் இருந்தால் அது மீன் தின்றது, இதில் கற்பனைக்கு வேலையே இல்லை.

குட்டி போட்ட விஷயமும் அப்படித்தான். ஜெர்மனியில் ஹோல்ட்ஸ்மாடன் என்ற இடத்தின் கரும்பாறையில், ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்டெனோப்டெரிஜியஸ் என்ற இக்தியோசார்கள் வயிற்றில் குட்டிகளோடு கிடைத்திருக்கின்றன. அந்தக் கடலின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு, பிணத்தைத் தின்று கலைக்க ஆளில்லை, அதனால்தான் இவ்வளவு முழுசாக மிஞ்சியது. "தன் இனத்தையே தின்றிருக்கலாமே" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் குட்டி எலும்புகளில் கடித்த தடமோ இரைப்பை அமிலம் அரித்த அடையாளமோ இல்லை, கிடக்கும் இடமும் இரைப்பை இருக்கும் இடம் இல்லை. சீனாவில் கிடைத்த சாவோஹுசாரஸ் என்ற மிகப் பழைய இக்தியோசாரில் ஒரு குட்டி தலை முதலில் வெளிவரும் நிலையிலேயே கல்லாகிவிட்டது. அந்த ஆய்வு 2014இல் வந்தது. கடலில் பிறக்கும் குட்டி பெரும்பாலும் வால் முதலில் வரும், தலை முதலில் வருவது நிலத்து வழக்கம், ஆகவே குட்டி போடும் பழக்கமே நிலத்தில் வாழ்ந்த மூதாதையிடம் தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். கவனியுங்கள், குட்டி இருந்தது என்பது சாட்சி, நிலத்தில் தொடங்கியது என்பது ஊகம். நல்ல ஊகம், ஆனாலும் ஊகம்.

நீங்கள் கேலி செய்த முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு கூட இதே ஸ்டெனோப்டெரிஜியஸ்தான் என்று நினைக்கிறேன். 2018இல் ஒரு மாதிரியில் தோலும், தோலுக்கடியில் கொழுப்புப் படலமும், நிறமிச் செல்களின் மிச்சமும் கிடைத்தன, மேல்பக்கம் அடர்த்தி, கீழ்ப்பக்கம் குறைவு. அந்த ஒரு விலங்குக்கு இது கற்பனை இல்லை. மற்ற நூறு கடல் ஊர்வனவற்றின் நிறம் பெரும்பாலும் ஓவியர் உபயம்.

மிதவை உயிரி தின்றது என்பது அம்மோனைட்டைப் பற்றிச் சொன்னதாக இருக்கும், அது ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கணவாய்ச் சொந்தம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த பாகுலைட்ஸ் என்ற நேர் ஓட்டு அம்மோனைட்டை, பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற பெரிய கருவியின் வலுவான எக்ஸ்-கதிரில் உடைக்காமல் படம் எடுத்துப் பார்த்தார்கள், 2011இல் வெளிவந்தது. தாடையும் நாக்குப் பற்களும் தெரிந்தன, வாய்க்குள்ளேயே மிதவை உயிரிகளான ஒரு குட்டி நத்தையும், நண்டு இறால் வகையைச் சேர்ந்த சின்ன உயிரிகளின் துண்டுகளும் இருந்தன. கடைசிச் சாப்பாட்டை விழுங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை பாவம்.

ஏழாம்அலை எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் அபூர்வமான, அதிர்ஷ்டக்காரப் புதைபடிவங்கள். சராசரி நிலவரம் வேறு. நண்டுவளையின் சந்தேகம் வீண் சந்தேகம் இல்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறைப் பகுதியில் கிடைத்த அனோமலோகாரிஸ் என்ற பழங்கடல் விலங்கை 1892இல் முதலில் இறாலின் உடல் என்று விவரித்தார்கள். 1911இல் வால்காட் என்ற அமெரிக்க ஆய்வாளர் வட்டமாக இருந்த ஒன்றை ஜெல்லி மீன் என்றார், தட்டையான இன்னொன்றைக் கடல் வெள்ளரி என்றார். 1985 வாக்கில்தான் விட்டிங்டன், பிரிக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் "இறால்" உண்மையில் முன்பக்கத்துப் பிடிகை, "ஜெல்லி மீன்" வாய், "கடல் வெள்ளரி" உடல் என்று காட்டினார்கள். அந்த வாயும் உடலும் நெருங்கிய உறவினமான இன்னொரு விலங்குடையவை என்று பின்னால் பிரித்தார்கள், அது தனிக் குழப்பம். ஆக, ஒரே மாதிரி விலங்கின் உறுப்புகள் மூன்று தனி உயிரிகளாகப் பெட்டிகளில் கிடந்தன, அதுவும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல்.

அதோடு முடியவில்லை. டிரைலோபைட் என்ற கெட்டி ஓட்டுக் கடல் உயிரிகளை நொறுக்கித் தின்ற அரக்கன் என்று அனோமலோகாரிஸை எல்லாப் படத்திலும் வரைந்தார்கள். 2023இல் அந்தப் பிடிகைகளைக் கணினியில் மாதிரி செய்து பார்த்ததில், கெட்டி ஓட்டை உடைத்தால் அதற்கே சேதம், மென்மையான உடல் கொண்ட இரையைத்தான் நீந்திப் பிடித்திருக்கும் என்ற பக்கம் சாய்ந்தது. உடைந்த, காயம் ஆறிய டிரைலோபைட் ஓடுகள் நிஜமாகவே கிடைக்கின்றன, யாரோ கடித்திருக்கிறார்கள், கடித்தது யார் என்பதுதான் ஓவியத்தில் தீர்மானமானது.

இன்னொன்று. பிளாசென்டிசெராஸ் என்ற அம்மோனைட் ஓடுகளில் வட்டத் துளைகள். மோசாசார் என்ற பெரிய கடல் ஊர்வன கடித்த பல் தடம் என்று 1960இல் எழுதினார்கள், அழகான கதை, அருங்காட்சியகங்கள் உடனே எடுத்துக்கொண்டன. 1998இல் வேறு குழு, இவை கடித்ததால் வந்தவை இல்லை, ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த கூம்பு வடிவ நத்தைகள் அரித்த குழிகள் என்றது. இரண்டு கட்சிக்கும் இன்னும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள், ஒருவேளை சில துளைகள் இதனால், சில அதனால். துளை பொய் சொல்லவில்லை, படிப்பவர்கள்தான் தடுமாறுகிறோம்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

ஏழாம்அலை சொல்வது சரிதான், ஆனால் எல்லாத் துளையும் அப்படிக் குழப்புவதில்லை. மணலுக்குள் புதைந்தபடி சிப்பிகளை வேட்டையாடும் ஒரு நத்தை இனம் இன்றும் இருக்கிறது. அது போடும் துளை வெளியே அகலமாகவும் உள்ளே குறுகியும் ஓரம் சரிவாகவும் இருக்கும். அதே துளை பல கோடி வருடச் சிப்பியில் இருந்தால் யார் வேலை என்று சொல்லிவிடலாம். பாதியில் நின்ற துளையும் கிடைக்கும், அந்தச் சிப்பி தப்பித்தது என்று அர்த்தம். எத்தனை முழுத் துளை, எத்தனை பாதித் துளை என்று ஆயிரக்கணக்கில் எண்ணித்தான் வேட்டை எந்தக் காலத்தில் எவ்வளவு மும்முரமாக இருந்தது என்று கணிக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைதான். வீடியோவில் வரவே வராது, ஆனால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

நண்டுவளை எழுதியது:

அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஒரு பெலம்நைட்டைப் பற்றி "இது நான்கு வருடம் வாழ்ந்து வசந்த காலத்தில் செத்தது" என்று எங்கோ படித்தேன். சாப்பாடு புரிந்தது. பருவம் எப்படி, சார்? இது நிச்சயம் கதைதானே?

உப்புக்காற்று எழுதியது:

கதை இல்லை, வேதியியலாளர் ஹரால்ட் யூரியும் அவர் குழுவும் 1951இல் செய்த வேலை அது. பெலம்நைட் என்பது கணவாயின் தூரத்துச் சொந்தம், உடலுக்குள் தோட்டா வடிவத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தாலான கெட்டியான தண்டு இருக்கும், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அடுக்கடுக்காக வளரும். கடல்நீரில் ஆக்சிஜன் 16, ஆக்சிஜன் 18 என்று கனம் வேறுபட்ட அணுக்கள் உண்டு. நீர் குளிர்ந்திருந்தால் ஓட்டில் கனமான 18 கொஞ்சம் அதிகமாகச் சேரும், வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். ஜுராசிக் காலத்து பெலம்நைட் ஒன்றின் தண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி அளந்தபோது விகிதம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தது. மூன்று கோடை, நான்கு குளிர்காலம், கடைசி அடுக்கு வசந்தத்தில் நிற்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் இதை அப்படியே விழுங்கவும் கூடாது. விகிதம் வெப்பத்தால் மட்டும் மாறுவதில்லை. துருவப் பனி நிறைய இருந்தால் கடல்நீரின் விகிதமே மாறும், ஆற்று நீர் கலந்தாலும் மாறும், அந்த விலங்கு குளிர்காலத்தில் வேறு ஆழத்துக்கு இடம்பெயர்ந்திருந்தாலும் ஏறி இறங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, புதைந்த பிறகு நிலத்தடி நீர் ஓட்டைக் கரைத்துப் புதுப் படிகமாக மாற்றியிருக்கலாம். அப்போது அளப்பது கடலை இல்லை, பின்னால் வந்த நிலத்தடி நீரை. அதனால் அளப்பதற்கு முன் சோதிப்பார்கள். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் மாங்கனீசு புகுந்து மாறிப்போன கால்சைட் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், அந்தப் பகுதியைத் தொடமாட்டார்கள். அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற வேறு வகைச் சுண்ணாம்புக் கனிமம், அது எளிதாக கால்சைட்டாக மாறிவிடும், முத்துப்போல மினுமினுப்பு இன்னும் இருந்தால் ஓரளவு அசல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பருவத்தோடு நிற்கவில்லை, நாளையே எண்ணியிருக்கிறார்கள். பவளம் தினம் ஒரு மெல்லிய கோடு வளர்க்கும், வருடத்துக்கு ஒரு தடித்த பட்டை. ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்துப் பவளங்களில் ஒரு வருடப் பட்டைக்குள் ஏறக்குறைய 400 கோடுகளை எண்ணினார். அப்போது வருடத்துக்கு 400 நாள், ஒரு நாள் 22 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிலவின் ஈர்ப்பால் வரும் அலையேற்றம் பூமியின் சுழற்சிக்கு பிரேக் போடுகிறது என்று வானியலாளர்கள் தனியாகக் கணக்கிட்டிருந்ததும் கிட்டத்தட்ட இதே எண்தான். சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகள் ஒரே இடத்தில் வந்து நின்றால் எனக்கு அது போதும்.

கரைமணல் எழுதியது:

அப்படியென்றால் மெகலோடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறா? பல் மட்டும்தான் கிடைக்குது என்கிறார்கள், ஆனா 20 மீட்டர் என்று பந்தயம் கட்டுகிறார்கள்.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

பல்லும் கொஞ்சம் முதுகெலும்பும். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மிஞ்சாது. பழைய அளவுகள் பெரும்பாலும் "பெரிய வெள்ளைச் சுறாவின் பெரிய பிரதி" என்று வைத்துக்கொண்டு பெருக்கியவை. 2025இல் ஒரு ஆய்வு, இல்லை, ஒல்லியாக நீளமாக இருந்திருக்கும், 24 மீட்டர் வரைகூடப் போயிருக்கலாம் என்கிறது. நீளம் என்று எந்த எண்ணைப் பார்த்தாலும் எந்த உடல் வடிவத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று தேடுங்கள், அது இல்லாத எண்ணால் பயனில்லை. அதே பல்லில் வேறு விஷயம் உறுதியாகத் தெரிகிறது. எனாமலில் உள்ள ஐசோடோப்புகளை, அதாவது மேலே சொன்ன மாதிரி கனம் வேறுபட்ட அணுக்களை வைத்து, உடல் சூடு சுற்றியிருந்த நீரைவிட சுமார் 7 டிகிரி அதிகம் என்று 2023இல் கணக்கிட்டார்கள். திமிங்கில எலும்புகளில் ரம்பம் மாதிரி கீறல்களும் கிடைத்திருக்கின்றன. ஆக எவ்வளவு நீளம் என்பதைவிட என்ன சாப்பிட்டது என்பது நமக்கு நன்றாகத் தெரியும், வீடியோக்களில் இது தலைகீழாக வருகிறது.

ஏழாம்அலை எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. கிடைத்த இடம் வாழ்ந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய நாட்டிலஸ் செத்த பிறகு காற்றறைகளோடு அதன் காலி ஓடு மிதந்து, அது உயிரோடு ஒருநாளும் எட்டிப்பார்க்காத கரைகளில் ஒதுங்குகிறது. அம்மோனைட் ஓட்டிலும் அதே அறைகள். ஓட்டின் மேல் எல்லாப் பக்கமும் பாசிப்பூச்சி என்ற, பாசிபோல் படரும் சின்ன விலங்குகளும் சிப்பிகளும் ஒட்டி வளர்ந்திருந்தால் ரொம்ப நாள் மிதந்திருக்கலாம், மேல்பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் தரையில் கிடந்தபோது ஏறியவை. நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.