எக்கினேசியா விதை வாங்கலாமா? பெங்களூர் மாடித் தோட்டம்

மாடிக்காரன்_கேஆர்புரம்: மக்களே, தக்காளி பூவா கொட்டுது, காய் பிடிக்க மாட்டேங்குது. ஆன்லைன்ல எக்கினேசியான்னு அமெரிக்க ப்ரேரி (புல்வெளி) பூ விதை, தேனீ தேடி வரும்னு போட்டிருக்கான். வாங்கலாமா?

செம்பருத்தி: அங்க அது சூப்பர் செடிதான் தம்பி. நடுவுல முள்ளு முள்ளா நிக்குற கூம்பு ஒரே பூ கிடையாது, நூத்துக்கணக்குல குட்டிப் பூ, வெளி ஓரத்துலேர்ந்து உள்ள பாத்து வரிசையா விரியும், அதனால பல நாள் தேன் கிடைச்சுட்டே இருக்கும், காஞ்சா கோல்ட்ஃபின்ச் குருவி விதைய தின்னும். வாங்குனா அடுக்குப் பூ ரகம் மட்டும் வேணாம், தேனீக்கு அதுல பெருசா ஒண்ணும் தேறாது.

ஒயிட்ஃபீல்டு_மணி: ப்ரோ, தக்காளிக்குன்னா ஆவாரை வைங்க. அதுல தேனே இல்ல, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப் பை நுனில இருக்குற ஓட்டை வழியாதான் வரும், கருப்பா குண்டா வருமே தச்சன் தேனீ, அது பூவ கட்டிப்புடிச்சு ர்ர்ர்னு அதிர்ந்தா பொடி கொட்டும். தக்காளிப் பூவும் அதே டிசைன்தான், ஆவாரைக்கு வர்ற தச்சன் தேனீ அதையும் அதிர வைக்கும். கொட்டாத குட்டி கொசுத்தேனீக்கு இந்த வித்தை வராது. ஆவாரை இலைல பச்சைப் புழு இருந்தா மருந்து அடிச்சிடாதீங்க, பட்டாம்பூச்சி ஆகுறது அதுதான்.

மாடிக்காரன்_கேஆர்புரம்: ஓகேண்ணா, ஆனா ஆவாரை பூக்குற வரைக்கும்?

ஒயிட்ஃபீல்டு_மணி: காலைல பூக்காம்ப விரலால சுண்டி விடுங்க, இல்ல பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ் இருந்தா காம்புல வச்சு ஆன் பண்ணுங்க 😄