நீரோடி கடப்புறத்துல ஹோல்கா: 12 எடுத்தேன், 5 தேறிச்சு. இது கலையா, காசக் கரியாக்குறதா?

பொழிமுகத்தாள்:
போன சனிக்கிழமை நீரோடியில இருந்து பொழியூர் வரைக்கும் கரையோரமா நடந்தேன். கையில ஹோல்கா (டாய் கேமரான்னு சொல்ற மலிவான பிளாஸ்டிக் பிலிம் கேமரா), உள்ள 400 வேகத்துல (கம்மி வெளிச்சத்துலயும் படம் விழுற) கருப்பு வெள்ளை 120 ரோல், அகலமான பிலிம். மொத்தம் 12 பிரேம். அதுல 5தான் தேறிச்சு. ஒரு பிரேம்ல ரெண்டு படம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு (ஒரு படம் எடுத்துட்டு பிலிமைத் திருப்ப மறந்தா அப்படித்தான், ஹோல்கா தடுக்காது). மூணுல ஓரத்துல வெளிச்சம் புகுந்துட்டு. வியர்வையில பின்பக்க டேப் கழண்டதை நான் கவனிக்கல. மிச்சம் மூணும் வெறும் மூட்டம். ஆனா தேறினதுல ஒண்ணு கரமடி (கரையில நின்னு கயிறு பிடிச்சு இழுக்கிற வலை) இழுக்கிற படம். நடுவுல நாலு பேர் மட்டும் தெளிவு, மத்தவங்க கயிறோட சேர்ந்து ஓரத்துல கரைஞ்சு போறாங்க. போன்ல நூறு தடவை எடுத்தாலும் எனக்கு இது கிடைக்காது.

திருவனந்தபுரத்துல கூட வேலை பார்க்கிறவங்க எல்லாம் சிரிக்காங்க. நீங்களும் சொல்லுங்க.

டிஜிட்டல் தம்பி:
அக்கா, சிரிக்கத்தான் செய்வாங்க. ரோலுக்கு, கழுவ, ஸ்கேன் பண்ணன்னு கூட்டிப் பார்த்தா ஒரு படம் 300 ரூவா ஆகியிருக்கும். இதே மங்கலை போன்ல ஒரு பில்டர் போட்டா சும்மா தருமே?

பொழிமுகத்தாள்:
எடுத்த பிறகு போடுற மங்கல் எங்க வேணும்னு நாமளே முடிவு பண்ணுறது. இது லென்ஸ் முடிவு பண்ணுது. ரெண்டும் ஒண்ணில்ல தம்பி.

வள்ளவிளையான்:
முடிஞ்சதா? இனி நான் சொல்லட்டா.

எங்க கடப்புறத்துக்கு கேமராவோட வாற எல்லாருக்கும் எங்களை மங்கலாக் காட்டணும். சாயங்கால வெயிலு, கறுத்த நிழலு, கட்டுமரம், முதுகு. முகம் மட்டும் வேண்டாம். இப்போ அதுக்குன்னே கேமரா வந்திருக்கு போல. 2017 ஒக்கிப் புயல்ல எங்க பக்கத்துல எத்தனை பேரு திரும்பி வரலன்னு உங்களுக்குத் தெரியும். எனக்க மாமன் மவனும் அதுல ஒருத்தன். கல்லறைத் தோட்டத்துல வைக்க அவனுக்க நல்ல படம் ஒண்ணு இல்ல. பெருநாளுக்கு யாரோ போன்ல எடுத்த கூட்டத்துல இருந்து வெட்டிப் பெருசாக்கினோம், முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு போச்சு. கடல் வீட்டுச் சுவரை எடுத்துட்டுப் போறப்பவும் ஆபீஸ்ல கேக்கது தெளிவான போட்டோ. அங்க கொண்டு போயி "ஓரத்துல கரைஞ்சு போவுது, அழகு"ன்னு சொல்ல முடியாது கேட்டியளா.

டார்க்ரூம் அண்ணாச்சி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. முதல்ல அந்த மூட்டம். மார்த்தாண்டத்துல நாப்பது வருசம் டார்க்ரூம்ல நின்னவன் சொல்லுதேன்.

மோளே, நீ எத்தனை மணிக்கு எடுத்த? மத்தியானமாத்தான் இருக்கும். ஹோல்காவுக்க ஷட்டர் ஏறக்குறைய நூத்துல ஒரு செகண்டு, லென்ஸ் துவாரம் ஏறக்குறைய எப் 13 (நம்பர் கூடினா துவாரம் சின்னது). பழைய ஹோல்காவுல மேகம், சூரியன்னு படம் போட்ட குமிழை எந்தப் பக்கம் தள்ளினாலும் துவாரம் மாறாது. நல்ல வெயில்ல 400 பிலிமுக்கு எப் 16, நானூறுல ஒரு செகண்டு போதும். அப்போ உனக்கு ரெண்டரை ஸ்டாப்பு (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூடுதலா விழுந்திருக்கு. மணலும் தண்ணியும் திருப்பி அடிக்கிற வெளிச்சத்தையும் சேத்தா மூணுக்கு மேல. நெகட்டிவ் கறுத்துப் போகாம என்ன செய்யும்? கடற்கரைக்கு 100 பிலிம் போடு. 400 சாயங்காலத்துக்கு.

அந்த மூணையும் தூரப் போடாத. கறுத்த நெகட்டிவ்ல சங்கதி இருக்கும், நெகட்டிவைப் பேப்பர்ல பெருசா விழ வைக்கிற என்லார்ஜர்ல நேரம் கூட்டி வச்சா கொஞ்சம் மீட்டுரலாம். வெளுத்ததுதான் போனா போனது. எங்க கழுவின?

பொழிமுகத்தாள்:
வீட்டுலதான் அண்ணாச்சி. குழாய்த் தண்ணியில.

டார்க்ரூம் அண்ணாச்சி:
அது அடுத்த கொள்ளாத வேலை! கருப்பு வெள்ளைக்கு 20 டிகிரியை வச்சுத்தான் கழுவுற நேரம் எழுதியிருப்பான். நம்ம குழாய்த் தண்ணி 28க்குக் குறையாது. ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் கவர்ல கட்டி டெவலப்பர் மருந்து பாட்டிலைச் சுத்தி வை. மருந்துக்குள்ள போட்டுராத.

டாய் கேமரான்னு புதுசா பேசுறிய. எங்க காலத்துல ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது, பரோடாவுல செஞ்சது. இதே 120 ரோல், இதே 12 படம், உள்ள ஒத்தைக் கண்ணாடி. ஊட்டி பேக்டரிக்க 'இந்து'ன்னு பேரு போட்ட பிலிமைப் போட்டு ஆளுங்க குடும்பப் படம் எடுத்தாவ. அதை யாரும் கலைன்னு சொல்லல.

மணவாளக்குறிச்சி மணல்:
ஒரு சந்தேகம். எங்க ஊரு கருமணல்ல பிலிம் பையை வச்சா கதிர் பட்டு மூட்டம் போடுமா?

டார்க்ரூம் அண்ணாச்சி:
ஒரு சாயங்காலம் வச்சா ஒண்ணும் ஆகாது. கறுப்பாத் தெரியுறது பெரும்பாலும் இல்மனைட்ங்கிற கனிமம், அதைப் பயப்பட வேண்டாம். கதிர் வீசுற தோரியம் இருக்கது மோனசைட்டுங்கிற இன்னொரு கனிமத்துல, அது மஞ்சளும் தவிட்டு நிறமுமா இருக்கும். அந்தத் தரியை பிலிம் மேல நாள்கணக்கா வச்சா புள்ளி விழும். 1896ல பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடிச்சதே யுரேனிய உப்பு போட்டோத் தட்டைக் கறுக்க வச்சதுனாலதான். ஆனா மணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டு போயிராத மக்கா, மோனசைட் அணுசக்திச் சட்டத்துல வாற சாதனம். பயப்பட வேண்டியது உப்புக்காத்தை. ஷட்டர் ஸ்பிரிங்கைத் தின்னுரும். ஒரு மணல் தரி உள்ள போனா ரோல் முழுக்க நீளமா ஒரே கோடு.

பொழிமுகத்தாள்:
வள்ளவிளையான் அண்ணே, நீங்க சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சேன். டாய் கேமராவால ஆவணம் ஆகாதுன்னு ஒத்துக்க மாட்டேன். 2000ல அமெரிக்க அதிபர் தேர்தல்ல நின்ன அல் கோர் பிரச்சாரத்தை டேவிட் பர்னெட்ங்கிற போட்டோக்காரர் ஹோல்காவுல எடுத்த படம், மறு வருசம் வெள்ளை மாளிகைச் செய்திப் படக்காரங்க போட்டியில பரிசு வாங்கிச்சு. உங்க மாமன் மகன் படத்தைப் பொறுத்தவரை, எடுத்தது தெளிவான கேமராதானே? போன்ல இருந்ததை உயிரோட இருந்தப்ப யாரும் பிரிண்ட் போடல. எனக்கு 12தான் இருக்கு, அதனால ஒவ்வொரு படத்துக்கும் முன்னால நின்னு ஆளைப் பார்க்கிறேன், கேட்டுட்டு எடுக்கிறேன்.

வள்ளவிளையான்:
அல் கோருக்கு வேற ஆயிரம் படம் இருக்கு. ஒண்ணு மங்கினா அவருக்கு என்ன நட்டம்.

சரி, கேட்டு எடுத்திய. அந்த மடி இழுத்தவியளுக்குப் படம் குடுத்தியளா?

பொழிமுகத்தாள்:
இல்ல.

பேர் கேட்டேன், அதுகூட நடுவுல நின்ன நாலு பேர்ட்டதான்.

டார்க்ரூம் அண்ணாச்சி:
நெகட்டிவைக் கொண்டு வா. எட்டுக்குப் பத்து இஞ்சுல பிரிண்ட் போட்டுத் தாறேன், பேப்பர் காசு மட்டும் போதும். எத்தனை பேரு கயிறு பிடிச்சாவ?

பொழிமுகத்தாள்:
படத்துல எண்ணினா 19. ஓரத்துல இருக்கிறது ஆளா கயிறான்னு தெரியல.

வள்ளவிளையான்:
பாத்தியளா? அதத்தான் நானும் சொன்னேன்.

26 பேரு. எனக்க சித்தப்பாவுக்க மடிதான் அது. வாற சனிக்கிழமை காலத்த 6 மணிக்குப் பிரிண்டோட வாங்க. இப்போ மடி இழுக்க ஆள் கிடையாது, நீங்களும் கயிறு பிடிக்கணும்.

பொழிமுகத்தாள்:
பிடிக்கேன். கேமராவும் வரும்.

வள்ளவிளையான்:
கொண்டு வாங்க. பிலிம் போடாம கொண்டு வாங்க.