எடை குறைய கலோரிக் கணக்கு போதுமா?

செழியன்:
எடை குறைப்பதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். விஷயம் ஒன்றுதான்: உடல் செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட வேண்டும். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. அளந்து சாப்பிட்டு எழுதி வையுங்கள், போதும். எதைச் சாப்பிடுகிறோம் என்பது அப்புறம்தான்.

கயல்:
எத்தனை மாதம் எழுதுவார்கள்? 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை அங்கேயே தங்கவைத்துப் பார்த்தது. இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவு, அதாவது ஆலையில் தயாராகிப் பொட்டலத்தில் வருவது; இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்தபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. யாரையும் எண்ணச் சொல்லவில்லை. உணவு மாறியது, சாப்பிட்ட அளவும் மாறியது.

செழியன்:
500 கலோரி கூடியதால்தானே எடை கூடியது? இது என் கட்சிக்குத்தான் சாட்சி. பெரிய ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேர், ஓராண்டு, 2018-இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கயல்:
அந்த 609 பேரில் யாருக்கும் கலோரி இலக்கு கொடுக்கவே இல்லையே! காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவையும் குறையுங்கள் என்றுதான் இரண்டு தரப்புக்கும் சொன்னார்கள். எண்ணாமலே இறங்கிய எடை அது.

தாமரை:
இருவரும் தட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் இரவுப் பணி பார்க்கிறவள். தூக்கம் கெட்ட மறுநாள் இனிப்பைத்தான் மனம் தேடும். சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2022-இல், குறைவாகத் தூங்கும் 80 பேரில் ஒரு பாதியினரைக் கூடுதலாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவைத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் சாப்பிட்டது நாளுக்குச் சுமார் 270 கலோரி குறைவு. எங்களைப் போன்றவர்களிடம் முதலில் தூக்கத்தைக் கேளுங்கள்.

செழியன்:
தூக்கம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எண்ணாதவர்களின் நிலையையும் பாருங்கள். எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்றவர்களை 1992-இல் சோதித்தபோது, சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. இரண்டு வாரமாவது எழுதினால்தான் கண் திறக்கும்.

கயல்:
இரண்டு வாரம் என்றால் சரி, எழுதட்டும். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்லாதீர்கள். சாப்பிடவே பயந்து, உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் கையில் தராசைக் கொடுப்பது ஆபத்து. அவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.